மஞ்சப்பைக்குள் நூடுல்ஸ்

அத்தியாயம் ஆறு

எந்த உணவகத்துக்குள் நுழைந்தாலும், பின்வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது காசிநாதனின் வழக்கம். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்பு இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மதிப்பீட்டாளராக இருந்தார். எரிந்துபோன கடைகளுக்குள் சென்று, நெருப்பு எந்த மூலையில் பிடித்தது என்று சொல்வது அவருடைய வேலை. இரண்டு வாசல் இருந்த கடைகளில் பொருள் மட்டும் எரிந்திருக்கும். ஒரே வாசல் இருந்த கடைகளைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. கல்யாண மண்டபத்தில்கூட இலை போடுவதற்கு முன் சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். பெண் வீட்டார் அவரை உப்பு பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்குக் காஞ்சிபுரத்தில் மிகவும் பிடித்துப்போன உணவகத்தில் பின்வாசலே இல்லை. தேர் போகும் வீதியில் மேரி நடத்திவந்த 'தாய் வீடு' அது. முசரவாக்கத்தில் பிறந்த மேரி, தாய்லாந்தில் ஒரு கடற்கரை விடுதியின் சமையல்கட்டில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் வருகிற பயணிகளை நம்பி, ஆறு மேசைகளோடு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை திறந்தார். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, அம்மா கைப் பக்குவம் கிடைக்கும் என்று நம்பி உள்ளே வந்து வத்தக்குழம்பு கேட்டவர்களும் உண்டு. எலுமிச்சம்புல் மணக்கிற சூப்பைக் குடித்துப் புரையேறி, 'இது மாமியார் வீடு' என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஒவ்வொரு முறையும் காசிநாதன் பின்வாசல் வைக்கச் சொல்லி முறையிடுவார். பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது என்று மேரி ஒவ்வொரு முறையும் பதில் சொல்லுவார். பிறகு காசிநாதன் காளான் போட்ட பச்சைக் குழம்பும் சோறும் கேட்டு வாங்கி, கதவைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடிப்பார்.

அன்று தேர். தேர் தடையில்லாமல் போவதற்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பதினொன்றேகால் மணிக்கு 'தாய் வீடு' வாசலுக்கு நேராக வந்த தேரின் முன்சக்கரம், வெயிலில் இளகியிருந்த புதுத் தாரில் ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. வடம் பிடித்த கூட்டம் இருபுறமும் நெருக்கியடித்தது. கூட்டம் கடைக்குள் சாய்ந்துவிடாமல் இருக்கக் காவலர் ஒருவர் ஷட்டரை முழங்கால் உயரம் வரை இழுத்துவிட்டார். தேர் கிளம்பும்வரை யாரும் வெளியே வரக் கூடாது என்று அவர் குனிந்து சொல்லிவிட்டுப் போனார்.

மின்விசிறி இல்லை, விளக்கு இல்லை, வேறு வாசலும் இல்லை. ஷட்டருக்குக் கீழே நூற்றுக்கணக்கான கால்கள் மட்டும் தெரிந்தன. காசிநாதனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் உள்ளங்கைகளை மேசையில் விரித்து வைத்து, மூச்சை நிதானமாக விடப் பழகிக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளர் கிரேஸ், பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் பதினோரு ஆண்டுகள் இருந்தவர். எதைக் கேட்டாலும் பாதிக் கேலியாகவே பதில் சொல்லும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். அவர் தேரின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, சாமியும் பின்வாசல் இல்லாத கடையாகப் பார்த்து நின்றிருக்கிறார் என்றார்.

அடுத்த மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். ஊரறிந்த பட்டு நெசவாளர் வீரபாகு, தறியில் அவருக்கு ஈடாக வலப்பக்கம் உட்கார்ந்து கரை நெய்யும் மருமகள் காயத்ரி, திருப்புட்குழியிலிருந்து வந்திருந்த கமலவேணி. மறுநாள் காலையில் கமலவேணியின் மகளுக்கு முகூர்த்தம். தேர்க்கூட்டத்தில் நெசவாளர் தெருவுக்குள் போக முடியாது என்பதால், புடவையை இங்கே வைத்துக் கொடுப்பதாகப் பேச்சு.

பெண்ணைப் பெற்றவளுக்குப் புடவையைக் கண்ணால் பார்த்துவிட ஆசை. வீரபாகு மடியிலிருந்த மஞ்சப்பைக்குள் பெருமையோடு கைவிட்டார். இரண்டு மாதம் நெய்த மயில்கழுத்து நிறப் பட்டு வரவேண்டிய இடத்தில் மூடிபோட்ட ஒரு சூப்புக் கிண்ணம் வந்தது. அதற்கடுத்து ஒரு நூடுல்ஸ் டப்பா, தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோறு, இரண்டு மரக்கரண்டி, கைதுடைக்கும் காகிதம் நான்கு. திருவிழா நாட்களில் பிளாஸ்டிக் பை கூடாது என்று தடை. ஊரில் பட்டும் பக்கோடாவும் ஒரே மாதிரி மஞ்சப்பையில்தான் பயணம் செய்தன.

கமலவேணி நெஞ்சில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீரபாகுவின் முகம் கறுத்தது. வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் பை தன் கையை விட்டு இறங்கவே இல்லை என்றார். தண்ணீர் வைக்கிற சாக்கில் இரண்டு தடவை பக்கத்தில் வந்து போனவள் கடைக்காரி ஒருத்திதான் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஷட்டர் அருகே போய்க் குனிந்து, வெளியே நின்ற காவலருக்குக் கேட்கும்படியாகக் கத்தினார்.

"உள்ள திருட்டு நடந்திருக்குது சார். கடைக்காரிதான். காலனியிலேர்ந்து வந்து கடை வச்சா, கை சும்மாவா இருக்கும்?"

வெளியே இருந்த கால்களில் பல மடங்கின. ஷட்டருக்குக் கீழே முகங்கள் தோன்றி, உள்ளே எட்டிப் பார்த்தன. தேர் நகர்ந்த மறுகணம் தான் உள்ளே வந்து அந்தம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதாகவும், அதுவரை ஒருவரும் அசையக் கூடாது என்றும் காவலர் சொன்னார்.

பிறகு தேடல் தொடங்கியது. சாப்பிட வந்த ஏழெட்டுப் பேரும் துப்பறிவாளர்களாகிவிட்டார்கள். ஒருவர் அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை கைவிட்டார். இன்னொருவர் மேரியின் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு ஜெபமாலை, தலைவலி மாத்திரை, பாதி தேய்ந்த சீப்பு. தேடிப் பார்த்துவிட்டால் பழி தானாகவே விலகிவிடும் என்று எண்ணிக் காசிநாதனும் வாய் திறக்காமல் இருந்தார். அந்தச் சீப்பைப் பிறர் கண்ணெதிரே மேரி எடுத்து உள்ளே வைத்தபோதுதான், தாம் வாய் திறந்திருக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது.

அவருக்கு ஒரு கதை நினைவுக்கு வந்தது. ஒரு பெரிய பொறிக்குள் ஏழு எலிகள் அகப்பட்டன. உள்ளே இருந்த கொப்பரைத் துண்டைக் காணோம். யார் தின்றது என்ற விசாரணை வந்தபோது, ஆறு எலிகளும் சேர்ந்து மெலிந்த எலியைக் காட்டின. பசித்தவன்தானே தின்பான் என்பது அவற்றின் நியாயம். தின்றிருந்தால் நான் ஏன் மெலிந்திருக்கிறேன் என்று அது கேட்டது. அந்தக் கேள்வி யார் காதிலும் ஏறவில்லை. ஏனென்றால், பொறிக்குள் காற்று குறைவாக இருந்தது.

மேரி அழவில்லை. காசிநாதனின் மேசைக்கு அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"சார், அவங்க தேடுறத தேடட்டும். ஷட்டரத் தூக்குனா அந்தப் பேச்சு எனக்கு முன்னாடி தெருவுல போயிடும். அப்புறம் புடவை கெடச்சாலும் ஒண்ணுதான், கெடைக்காட்டியும் ஒண்ணுதான். நாளைக்கு யாரு இங்க உக்காந்து சாப்புடுவாங்க?"

வெளியே, சக்கரத்தின் அடியில் கடப்பாரை போட்டு நெம்பும் ஓசை கேட்டது. சக்கரம் மேலேறிவிட்டால் தேர் நகரும், காவலர் வருவார். காசிநாதன் எழுந்தார்.

முதலில் அவர் சூப்புக் கிண்ணத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். கரண்டிகளையும் வைத்தார்.

"பைய மாத்தி வெக்கிற திருடன் கனத்துக்கு ரெண்டு செங்கல் வெப்பான். இல்ல, பழைய பேப்பர் வெப்பான். இவன் கரண்டியும் வச்சிருக்கான், பாத்தியா கிரேஸ்?"

"வளத்தவங்கள சொல்லணும் சார். கை துடைக்கப் பேப்பர்கூட மறக்கல."

இது பட்டு இருந்த பையே அல்ல, வேறொரு பை என்றார் காசிநாதன். புடவையை எடுத்துவிட்டுச் சாப்பாட்டை வைக்கவில்லை. பையோடு பை மாறியிருக்கிறது. அப்படியானால் தேட வேண்டியது புடவையை அல்ல, இன்னொரு மஞ்சப்பையை. வீரபாகு இதைக் கேட்டு உரக்கச் சிரித்தார். சாப்பாடு இவள் கடைச் சாப்பாடு என்றால் பையை மாற்றியவளும் இவள்தானே, இதைச் சொல்ல ஒரு துப்பறிவாளர் வேண்டுமா என்று கேட்டார். ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

காசிநாதன் பையைப் புரட்டிப் பார்த்தார். பையின் கைப்பிடியில் குண்டூசியால் குத்தப்பட்ட ஒரு துண்டுச்சீட்டு உட்புறமாக மடங்கிக் கிடந்தது. அதைக் கைப்பேசி வெளிச்சத்தில் தாம் மட்டும் படித்தார். மேரியிடம் காட்டியபோது, எழுத்து தன்னுடையதுதான் என்றார் அவர். எதிர் வரிசை விடுதியில் தங்கியிருக்கும் பயணிகளுக்காக ஆறு பார்சல் கட்டி, எல்லாப் பையிலும் கடைப் பெயரை எழுதிக் குத்தியதாகவும் சொன்னார்.

காசிநாதன் அப்போதுதான் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொண்டார். பை திறந்த நிமிடம் முதல் கடைக்குள் இருந்த எல்லாருடைய கண்களும் மேரியின்மேல் இருந்தன. ஒருத்தியின் கண் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. காயத்ரி, வாசலோரம் இருந்த கவுண்டர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பலகையின்மேல் ஒன்றுமே இல்லை.

அவர் வீரபாகுவிடம், அவருடைய பையிலும் சீட்டு இருந்ததா என்று கேட்டார். இருந்தது, மருமகள் எழுதியது என்றார் வீரபாகு. அதில் என்ன எழுதியிருந்தது என்று காசிநாதன் காயத்ரியிடம் கேட்டார். அவள் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. நமக்கு இன்னா பயம்?" என்றார் வீரபாகு.

"ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு புடவை நெஞ்சோம் சார். கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குடுத்த வேலை. இது பொண்ணோட அம்மா வீட்டு சீரு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதுன்னு ஒரு பையில மாப்பிள்ளை வீடுன்னு எழுதினேன். இதுல..."

அவள் நிறுத்தினாள். காசிநாதன் தம் கையிலிருந்த மேரியின் சீட்டை எல்லாரும் பார்க்கும்படி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். நீல மையில் இரண்டே சொல் இருந்தது. தாய் வீடு.

"இதுலயும் அதேதான் எழுதினேன்" என்றாள் காயத்ரி.

கிரேஸ் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவைக்குள் வாய் பொறுக்கவில்லை.

"ஒரு பொண்ணுக்கு ரெண்டு தாய் வீடு இருந்தா சீரு எங்கதான் போவும்?"

வீரபாகு ஏற்கவில்லை. இரண்டு பையிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே மாறும்? பைதான் தன் கையை விட்டு இறங்கவே இல்லையே என்று மறுபடியும் ஆணித்தரமாகச் சொன்னார். அறைக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. வெளியே கடப்பாரை ஓசையோடு 'ஏலேலோ' என்ற கூச்சலும் சேர்ந்துகொண்டது. காசிநாதனுக்கு இனிக் கேட்க ஒரு கேள்விகூட மிச்சம் இல்லை. அவர் காயத்ரியைப் பார்த்தார். பார்த்தபடியே காத்திருந்தார்.

அவள் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, கை கழுவப் போனீங்களே."

வீரபாகு திரும்பினார்.

"சாப்புடுற மேசையில பட்ட வெக்கக் கூடாதுன்னு, நீங்கதான் கவுண்டர்மேல வச்சீங்க. அங்க இவங்க பையும் வரிசையா இருந்துது. திரும்பி வந்து சீட்ட எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டுத்தான் ஒண்ண எடுத்தீங்க. கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்திருந்தீங்க. கையெழுத்து வேறன்னு உங்களுக்குத் தெரியல."

அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வீரபாகு கேட்கவில்லை. பத்துப் பேர் நடுவே மாமனார் ஒன்றைச் சத்தியம்போலச் சொல்லிவிட்டால், மருமகள் அதை மறுத்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவருக்கே அது தெரியும். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கமலவேணிதான் முதலில் எழுந்து கவுண்டருக்கு ஓடினார். எல்லாரும் பின்னால் ஓடினார்கள். பலகை வெறுமையாக இருந்தது. மேரி தலையில் கைவைத்துக்கொண்டார். பதினோரு மணிக்கே விடுதி மேலாளர் ஜான்சன் வந்து, ஆறு பை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, ஆறையும் எடுத்துப் போயிருந்தார்.

அரை மணி நேரமாக அடைபட்ட அறைக்குள் தேடிய பொருள், அறை அடைபடுவதற்கு முன்பே வெளியே போய்விட்டது. பொறிக்குள் சிக்கியது அதைத் தேடியவர்கள் மட்டுமே. இப்போது அது முப்பதடி தூரத்தில், தேருக்கு அந்தப் பக்கம் இருந்தது. விடுதிப் பயணிகள் சாப்பிட்டதும் மகாபலிபுரத்துக்குப் புறப்படுகிறவர்கள் என்று மேரி சொன்னார்.

கிரேஸ் மேரியின் கைப்பேசியில் ஜான்சனைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நானே போன் போடணும்னு இருந்தேன்கா. அஞ்சு பையிலதான் சாப்பாடு இருக்குது. ஆறாவதுல ஒரு பட்டுப்பொடவை. ஓட்டல்காரங்க அன்பளிப்புன்னு நெனச்சு ஒரு பெல்ஜியம் அம்மா அதத் தோள்ல போட்டுக்கினு பால்கனியில நின்னு தேர் பாத்துக்கினு இருக்குது. கழட்டுன்னு நான் எந்த பாஷையில சொல்றது?"

"தமிழ்லயே சொல்லுப்பா. உன் மூஞ்சியப் பாத்தாலே பாதி புரியும், மீதிக்கு நூடுல்ஸ் வருதுன்னு சொல்லு" என்றார் கிரேஸ்.

பால்கனியில் என்ன பேச்சு நடந்ததோ தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தேருக்கு அந்தப் புறத்திலிருந்து ஒரு மஞ்சப்பை புறப்பட்டது. வடம் பிடித்தவர்களின் தலைக்குமேல், கைக்குக் கை மாறி, சக்கரத்தைச் சுற்றி, ஈரக் கைகளையும் விபூதி பூசிய கைகளையும் கடந்து வந்து, கடைசியில் காவலரின் கையால் ஷட்டருக்குக் கீழே உள்ளே தள்ளப்பட்டது. கமலவேணி புடவையை மடியில் பரப்பி, கரையிலிருந்து முந்திவரை விரலால் தடவிப் பார்த்தார். மடிப்பு கலைந்திருந்ததே தவிர, ஒரு பொட்டுக் கறை இல்லை. சீர் போகிற வழியில் வெளிநாடும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

வீரபாகு மேரியின் முன்னால் வந்து நின்றார். தவறாக நினைத்துவிட்டதாக, உதடு மட்டும் அசையும் குரலில் சொன்னார்.

தேடியவர்கள் கவிழ்த்துப் போட்ட டப்பாக்களை மேரி அடுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னாங்கய்யா ஆவப் போவுது? நான் திருடலன்னு எனக்குத் தெரியும். நீங்க வெளிய பாத்துல்ல கத்துனீங்க."

காவலர் குனிந்து, புடவை கிடைத்துவிட்டதா, கடைக்காரம்மாவை அழைத்துப் போக வேண்டுமா என்று கேட்டார். காசிநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். வீரபாகு கையைக் காட்டி அவரைத் தடுத்தார். மூச்சு வாங்க இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றி, உள்ளங்கைகளை முன்னால் வைத்து, ஊரில் நிமிர்ந்தே நடந்து பழகிய அந்த மனிதர் ஷட்டருக்குக் கீழே தவழ்ந்து வெளியேறினார்.

உள்ளே இருந்தவர்களுக்கு அவருடைய பாதங்கள் மட்டுமே தெரிந்தன. குரல் தெளிவாகக் கேட்டது.

"நான் வீரபாகு. நெசவுக்காரன். உள்ள இருக்கிற மேரியம்மா எதையும் எடுக்கல. பைய மாத்தி எடுத்தது நான். அவங்க பொறந்த எடத்தச் சொல்லிப் பேசுனதும் நான்தான். அப்பிடிப் பேசினது அசிங்கம். என் வாயால நானே சொல்றேன்."

சத்தத்தில் கேட்கவில்லை, இன்னா சொல்றாரு என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். வீரபாகு இன்னும் உரக்க, ஒரு சொல்லையும் குறைக்காமல், திரும்பவும் சொன்னார். அப்போது கடப்பாரைக்கு இணங்கிச் சக்கரம் மேலேறியது. கூட்டம் பெருங்குரல் எழுப்பியது. தேர் அசைந்தது, வீதி முழுவதும் கால்கள் ஓடத் தொடங்கின. காவலர் ஷட்டரைத் தலைக்குமேல் தூக்கினார். வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. அடைபட்டுக் கிடந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள்.

காசிநாதன் வாசற்படியில் நின்று பார்த்தார். வீரபாகு வடத்தைப் பிடிக்கப் போகவில்லை. ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, ஓடுகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு பூக்காரர் அவசரமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். வீரபாகு அவர் பின்னாலேயே நான்கு எட்டு நடந்துபோய் வழியை மறித்து நின்றார்.

"முழுசா கேட்டுட்டுப் போப்பா. நான் வீரபாகு, நெசவுக்காரன்" என்று முதலிலிருந்து தொடங்கினார்.